பத்துக் கையெழுத்து, ஒரு சின்னம்: கடைமடைக்காரர்கள் எந்த வழியில் தேர்தலில் நிற்பது?

கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை எண் மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை எண் மதகுகளுக்கு ஒரு முறை என்று தண்ணீர் விடுவார்கள். எந்த முறை வந்தாலும் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு வந்து சேர்வது மேலே பாய்ந்தது போக மிச்சம்தான். சிவகிரிப் பக்கத்து ஊர்களில் இந்தக் குறை என் அப்பச்சி காலத்திலிருந்தே பேசப்படுகிறது. மனுக் கொடுத்துச் சலித்தவர்கள் இப்போது வேறு ஒன்று கேட்கிறார்கள்: அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நம்மில் ஒருவரே நின்றால் என்ன?

நிற்கலாம். எப்படி நிற்பது என்பதில்தான் ஒற்றுமை இல்லை. சுயேச்சையாக நின்றால் போதும் என்கிறார்கள் சிலர். கட்சி ஒன்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று இளைஞர்கள் துடிக்கிறார்கள். பெரிய கட்சியிடம் பேசி ஒரு இடம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது விவரம் தெரிந்தவர்களின் கருத்து. என் மாமா ஒருவருக்கோ 1996 இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆயிரம் பேர் மனுத்தாக்கல் செய்வோம், அப்போதுதான் டெல்லி திரும்பிப் பார்க்கும் என்கிறார். கடந்த கூட்டத்தில் நேரம் போதாமல் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நெசவாளர்களோ விசைத்தறிக்காரர்களோ, வேறு எந்தத் தொழில் செய்பவர்களும் இதே கேள்வியோடு இருந்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

மாமா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். அது நடந்தது எங்கள் தொகுதியில்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். பாசனக் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் திரண்டு போய் மனுப் போட்டதன் விளைவு அது. வாக்குச்சீட்டு ஒரு தாளில் அடங்கவில்லை. புத்தகமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். வாக்குப்பதிவே தள்ளிப்போனது. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. வெல்ல வேண்டும் என்று அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் நாடு முழுவதும் மொடக்குறிச்சியின் பெயர் தெரிந்தது. மாமா அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் நிமிர்கிறது. அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதற்குக் கிடைத்த பதிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதே ஆண்டில் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும், ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் மக்களவைக்கு நின்றிருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்திலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. 2009 சட்டத் திருத்தத்தால் அவை முறையே 10,000, 25,000 என்று மறுபடி ஏறின. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. தேர்தலில் போதிய வாக்கோ இடமோ வாங்கி அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்ற எல்லோருக்கும் பத்துப் பேர் வேண்டும் என்றானது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாள் இருக்க வேண்டும் என்றிருந்ததை 14 நாளாகச் சுருக்கினார்கள். தண்ணீர் கேட்டுப் போனவர்களுக்கு முன்னால் வாசற்படியை உயர்த்திக் கட்டியதுதான் நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று 1,033 பேருக்கும் 250 ரூபாய் வீதம் கட்டினாலும் 2,58,250 ரூபாய்தான். இன்று 10,000 வீதம் என்றால் ஒரு கோடியே மூன்று லட்சத்து முப்பதாயிரம். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். பணத்தோடும் முடிவதில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் வரலாம். ஒரு நாள் கோபத்தில் மனுப் போடும் ஐந்நூறு இளைஞர்களில் எத்தனை பேர் கணக்கு எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? நாளை பஞ்சாயத்துத் தலைவராக வர வேண்டிய பிள்ளைகளை இன்றே முடக்கிவிடுவோம்.

2019இல் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் செய்தது மாமாவின் யோசனைக்குப் பக்கபலம்தான். மஞ்சளுக்குத் தனி வாரியம் கேட்டு அங்கே 170க்கும் மேற்பட்ட விவசாயிகள் மக்களவைத் தேர்தலில் நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். மஞ்சள் வாரியம் 2023இல் அறிவிக்கப்பட்டு, தலைமையகமும் நிஜாமாபாத்திலேயே அமைந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பலருக்கு அதில் மனக்குறை உண்டு. இருந்தாலும் கவனியுங்கள்: 1996இல் இயந்திரம் இல்லாததால் அரசு திணறியது. இன்றைய இயந்திரத்தில் வேட்பாளர் பெயரும் பொத்தானும் உள்ள பெட்டிகளை 24வரை இணைக்கலாம். நோட்டாவைச் சேர்த்து 384 பெயர்கள். நிர்வாகத்தைத் திணறடிக்கும் வலிமை இந்த வழிக்கு அப்போதுபோல் இப்போது இல்லை.

ஆகவே ஆயிரம் பேர் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் நிற்கட்டும். எந்த அடையாளத்தில்?

சுயேச்சை என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எங்காவது வாக்குரிமை இருந்து, 25 வயது நிறைந்திருந்தால் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் நிற்கலாம். கைக்காசு பத்தாயிரமும் பத்துக் கையெழுத்தும் இருந்தால் வாசலுக்குள் போய்விடலாம். இந்தப் பத்துக் கையெழுத்து சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் 2016இல் நாங்கள் கெட்டோம். என் நண்பர் ஒருவர் சுயேச்சையாக மனுப் போட்டார். முன்மொழிந்தவர்களில் நானும் ஒருவன். பத்தாவதாகக் கையெழுத்திட்ட பெரியவர் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்து, எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் இரண்டு ஆண்டுக்கு முன்பே முத்தூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டு, வாக்கையும் அங்கே மாற்றியிருந்தார். முத்தூர் காங்கேயம் தொகுதி. பரிசீலனை நாளில் வாக்காளர் பட்டியலைப் புரட்டிய அலுவலர் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பொருந்தவில்லை என்றார். எங்களிடம் பழைய பட்டியல். மனுவில் மிஞ்சியது ஒன்பது பேர். ஒன்பது போதாது, அங்கேயே தள்ளுபடி. சின்னச் சின்னப் பிழைகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. பத்தில் ஒன்று குறைவது அந்தச் சின்னப் பிழையில் சேராது. இரண்டு மாதம் வீடு வீடாக நடந்த நண்பர் அன்று மாலை யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டத்தை முழுதாகப் படித்தேன். ஒரு வேட்பாளர் ஒரே தொகுதியில் நான்கு மனுக்கள்வரை கொடுக்கலாம். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். வெவ்வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது போட்டிருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நின்றிருக்கும். கைநாட்டு வைப்பவர் முன்மொழிந்தால் அதை வீட்டில் வாங்கக் கூடாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும். சொத்து, கடன் விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. கடன் இல்லையா, "இல்லை" என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வருவது ஆபத்து. வேறு தொகுதியில் வாக்கு உள்ளவர் வேட்பாளரானால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலும் கையில் இருக்க வேண்டும். பெரிய கட்சிகளில் இதைப் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர் அணி இருக்கிறது. நமக்கு நாம்தான்.

வாசலைத் தாண்டிய பிறகு வருவது சின்னம். மனுவிலேயே மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைத்தது எது என்பது மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மாலையில்தான் தெரியும். அதன்பின் இருப்பது இரண்டு வாரம் சொச்சம். இரட்டை இலையையும் உதயசூரியனையும் யாரும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் ஆள் ஒரு குக்கரையோ தொப்பியையோ இருநூறுக்கும் மேற்பட்ட சாவடிகளின் வாக்காளர் மனத்தில் பதியவைக்க வேண்டும். பெயர் வரிசையிலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஐந்து இயந்திரங்கள் வைத்தார்கள். கடைசி வரிசைச் சுயேச்சையைத் தேடி வாக்காளர் ஐந்தாம் பெட்டிவரை வர வேண்டியிருந்தது. அந்த 77 பேரில் டெபாசிட் தப்பியது இருவருக்கு மட்டுமே. பத்துக் கையெழுத்து விதியை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்; தொகுதியில் பத்துப் பேர்கூட நம்பாதவர் நிற்பதில் என்ன பொருள்? சின்னத்தைக் கடைசி நேரத்தில் கொடுப்பதுதான் அநியாயம். பெரிய கட்சிக்கு ஐந்து ஆண்டும் பிரசாரம், நமக்கு இரண்டு வாரம்.

2011, 2016, 2021 மூன்று பொதுத்தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூடச் சட்டமன்றத்துக்குப் போகவில்லை. இடையில் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றார். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் இரண்டாம் இடம் பிடித்தார்; அவர் பெயரிலேயே இன்னும் பல பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தும் வாக்காளர் அவரைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் ஊரறிந்த முகங்கள். நம் வேட்பாளர் அப்படியல்ல. இதை மறைத்துப் பேசுவது நம் ஆட்களுக்கு நாம் செய்யும் துரோகம்.

அப்படியானால் கட்சி பதிவு செய்வோம் என்கிறார்கள் தம்பிகள். கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர்களான நூறு உறுப்பினர்களாவது வேண்டும். பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய், நாளிதழ்களில் அறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல அவகாசம். இதெல்லாம் முடியாத காரியம் அல்ல. பதிவால் என்ன கிடைக்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு மட்டும் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கும் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும். இருக்கும் ஏதோ ஒரு சிறு கட்சியின் சார்பில் நின்றால் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அது சரியல்ல. எந்தக் கட்சிக்கும் உரியதல்லாத இலவசச் சின்னம் ஒதுக்கும்போது சுயேச்சைக்கு முன்னால் வரிசை கிடைக்கும், இயந்திரத்தில் சற்று மேலே பெயர் வரும், அவ்வளவே.

உண்மையான பயன் பொதுச் சின்னம்தான். கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே சின்னம், அதுவும் முன்கூட்டியே. அதற்குச் சட்டமன்றத்தின் மொத்த இடங்களில் 5 சதவீதத்திலாவது நிற்க வேண்டும். 234இல் 5 சதவீதம் என்றால் 12 தொகுதி. ஈரோடு மாவட்டம் முழுவதையும் எடுத்தாலும் எட்டுத்தான். காங்கேயம், தாராபுரம், அரவக்குறிச்சி சேர்த்தால் பதினொன்று. இதில் அந்தியூருக்கு நம் வாய்க்காலோடு எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே போய் எதைச் சொல்லி வாக்குக் கேட்பது? பன்னிரண்டு நேர்மையான வேட்பாளர்கள், நூற்றிருபது சரிபார்த்த கையெழுத்துகள், ஒரு லட்சத்துக்கு மேல் டெபாசிட். ஒரு மடையில் தண்ணீர் திறப்பதற்கே ஒற்றுமை இல்லாத நாம் இதைச் செய்வோமா?

பொதுச் சின்னமும் நிரந்தரம் அல்ல. 2024இல் கரும்பு விவசாயி சின்னத்தைக் கர்நாடகத்தைச் சேர்ந்த வேறொரு கட்சி முந்திக்கொண்டு வாங்கிவிட்டதால் நாம் தமிழர் கட்சி மைக்கில் நின்றது. ஒரே இடத்தில் நின்ற ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை; தீப்பெட்டியில் வென்றார்கள். நாம் தமிழர் கட்சி அந்தத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டியதால் அங்கீகாரம் பெற்றது. அந்த இடத்துக்கு வர அவர்களுக்குப் பல தேர்தல்கள் ஆயின.

மிச்சமிருப்பது இரவல் சின்னம், அதாவது பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது. கொங்கு மண்ணில் இது புதிதல்ல. 2009 மக்களவைத் தேர்தலில் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் தனித்து நின்று கோவையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. ஓர் இடமும் கிடைக்கவில்லை. அந்த வழியில் வந்த கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி உதயசூரியனில் நின்று 2019இலும் 2024இலும் நாமக்கல் மக்களவைத் தொகுதியையும், 2021இல் திருச்செங்கோட்டையும் வென்றது. ஒரு கையெழுத்து, தெரிந்த சின்னம், சாவடிதோறும் முகவர்கள். வெற்றிதான் குறி என்றால் இதற்கு நிகரான வழி வேறில்லை. இதை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விலை பின்னால் வருகிறது. எந்தச் சின்னத்தில் வென்றோமோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே சட்டமன்றத்தில் கருதப்படுவோம்; கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகலாம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்ற பிரச்சினையில் நம் ஊர்களுக்குள்ளேயே இரண்டு தரப்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் ஆளும் தரப்பு ஒரு முடிவெடுத்தால், நம் உறுப்பினர் எழுந்து மாற்றிப் பேசுவது எவ்வளவு தூரம் நடக்கும்? சுயேச்சைக்குக் கொறடா கிடையாது. ஆனால் வென்றபின் ஏதேனும் கட்சியில் சேர்ந்தால் அவருக்கும் பதவி போகும்.

இரவல் சின்னம் சொந்தக் கட்சியையும் கரைக்கும். ஆறு ஆண்டுகளாகத் தன் பெயரில் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்று 2025 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நூற்றுக்கணக்கான கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பதிவுப் பட்டியலிலிருந்து நீக்கியது. செப்டம்பர் பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியும் இருந்தன. அப்போது சட்டமன்றத்தில் அவர்களுக்கு உறுப்பினர் இருந்தார், தேர்தலில் நின்றதாகக் கணக்கில்லை. கட்சி பதிவு செய்யத் துடிக்கும் தம்பிகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பஞ்சாயத்தை யாரும் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. எல்லோரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். டெபாசிட் சில நூறு ரூபாய்தான். வாய்க்கால் பாயும் ஊர்களில் பத்து ஊராட்சித் தலைவர்கள் நம்மவர்களாக இருந்தால், கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தப் பத்துக் குரலுக்கு மரியாதை வேறு. சட்டமன்றத்தில் நிற்பவருக்கு ஊருக்கு ஊர் சாவடி முகவர்களும் அங்கிருந்துதான் கிடைப்பார்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்சி இப்போது வேண்டாம். பன்னிரண்டு தொகுதிக்கு ஆள் சேரும் நாளில் பதிவு செய்யலாம். இரவல் சின்னம் வேண்டாம். அது தவறென்பதால் அல்ல. நாம் கேட்கப் போவது எந்த ஆட்சியிலும் ஆளுங்கட்சிக்குக் கசப்பானது. உள்ளாட்சித் தேர்தலில் முடிந்தவரை எல்லா ஊரிலும் நிற்போம். சட்டமன்றத்துக்கு மொடக்குறிச்சியில் ஒரே ஒருவர், சுயேச்சையாக. வெல்வார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. 2025 ஈரோடு கிழக்கில் 24,151 வாக்கு வாங்கிய வேட்பாளருக்கே டெபாசிட் போனது. ஆனால் வெற்றி வித்தியாசத்தைவிட நம் வாக்கு கூடுதலாக இருந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் நம் கடைமடைக்கு வராத கட்சி இருக்காது. அந்த ஒருவர் பின்னால் மாமாவின் ஆயிரம் பேரும் நிற்கட்டும், வேட்பாளர்களாக அல்லாமல் வீடு வீடாகச் சின்னத்தைக் கொண்டுபோகிறவர்களாக.

வேட்பாளர் யார் என்பதை அடுத்த கூட்டம் முடிவு செய்யும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிறு காலை நாற்பது பேர் வாக்காளர் அட்டையோடு கோயில் திடலுக்கு வாருங்கள். புதிய பட்டியலை நான் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவர் பெயரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு ஒத்துப்பார்த்து, நான்கு மனுவுக்கும் தனித்தனியாகப் பத்துப் பத்துப் பேரை எழுதிவைப்போம். வீடு மாறியவர்களும், மகன் மகள் வீட்டோடு போய் இருப்பவர்களும் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.